உயிர் காலேஜுக்கு ஒரு பாஸ்

அன்றைக்குப் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் வந்து நின்றவர்கள் ஐந்து பேர். அம்மா, அம்மாவின் அண்ணனான என் மாமா, அவர் சம்சாரம் அத்தை, அத்தையின் இடுப்பில் அவர்களுடைய சின்னப் பெண், அப்புறம் நான். வராதவர் அப்பா ஒருவர்தான். ஆனால் வராத அப்பாதான் அன்று முழுக்க எங்களை நடத்திக்கொண்டு போனார் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லி அனுப்பிய யோசனைகள் எங்கள் ஐந்து பேருக்கும் ஓரடி முன்னால் நடந்துகொண்டே இருந்தன.

அப்பாவுக்கு ஆவடியில் ஃபாக்டரி வேலை. அதற்கு முன் எங்கள் ஊர் பாரிவாக்கத்தில் அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கிடைத்தால் விடமாட்டார். செய்யாற்றுப் பக்கத்திலிருந்து மாமா குடும்பத்தோடு மெட்ராஸ் பார்க்க வந்திருந்தார். மச்சானைத் தானே கூட்டிக்கொண்டு போக முடியாத குறையை அப்பா இரண்டு விதத்தில் தீர்த்துக்கொண்டார். அம்மாவின் கையில் எட்டு ரூபாயைக் கொடுத்தார். முன்தினம் சாயங்காலம் எங்களை எல்லாம் வாசலில் உட்காரவைத்து, பட்டணத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

"சென்ட்ரல் மணிக்கூண்ட அண்ணாந்து பாத்துக்கினே நிக்காதீங்க. மேல பாக்கறவன் ஜோப்புலதான் கை உடுவான். வழி தெரியலன்னா ரிக்‌ஷாக்காரன கேக்காதே, அவன் ஏறுன்னுதான் சொல்லுவான், போலீஸ்காரன கேளு. போர்டு படிக்காம பஸ்ல ஏறக் கூடாது. புள்ள படிப்பான். கூட்டத்துல எவனாவது பிரிஞ்சிட்டா, அதே மணிக்கூண்டு கீழ வந்து நின்னுடு."

"இப்பத்தான அதப் பாக்காதேன்னே?" என்றார் மாமா.

"நின்னுக்கோ மச்சான், பாக்காதே."

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமானது என்று விரலை நீட்டிச் சொன்னார். "எவனாவது வந்து, ஊருக்குப் புதுசான்னு கேட்டா, ஆமான்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்க, உங்கள வித்துட்டுப் போயிடுவான். இல்ல, இங்கியேதான் கீறோம்னு சொல்லு."

மாமா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது. பட்டணம் முழுவதையும் உள்ளங்கையில் வைத்திருக்கிற மனிதர் ஏன் எண்ணெய்ப் பிசுக்கேறிய காக்கிச் சட்டையோடு எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று யோசித்தேன்.

இந்த இடத்தில் என் பாஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அந்த வருஷம்தான் நான் பாரிவாக்கம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தேன். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் ஒரு வகுப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பெரிய வாத்தியார் வேப்பமரத்தடியில் நின்று பெயர் பெயராகப் படித்து, "பாஸ்... பாஸ்..." என்று சொல்லிக்கொண்டு வந்தபோது, வேலிக்கு வெளியே களைக்கொத்தியோடு நின்றுகொண்டிருந்த அம்மா அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஆறாம் வகுப்புக்கு ஆவடிக்குத்தான் போக வேண்டும். தினம் பஸ்ஸுக்குக் கொடுக்க எங்களிடம் ஏது? சலுகைப் பாஸ் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் கழனி. அப்பா இதை ஒளித்துப் பேசவில்லை. என்னை வைத்துக்கொண்டேதான் சொன்னார். எத்தனையோ நடை நடந்து, ஒருநாள் சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே கூவினார். "புள்ளைக்குப் பாஸ் வந்துடுச்சி!"

இளம்பச்சை அட்டை. மூலையில் என் போட்டோ. எங்கள் வீட்டில் போட்டோவுக்கு நின்ற முதல் ஆளும் நான்தான். பூந்தமல்லி ஸ்டூடியோக்காரர் என் கிழிந்த சட்டையைப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த கோட்டு ஒன்றை எனக்கு மாட்டி, தொளதொளப்பைப் பின்பக்கம் துணிக் கிளிப் போட்டு இறுக்கிப் படம் எடுத்திருந்தார். ஆகவே அட்டையில் இருந்தவன் ஒரு சின்னத் துரை. அவனுக்குக் கீழே எல்லாம் இங்கிலீஷ். ஓரத்தில் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை.

இங்கிலீஷ் எழுத்துகள் எனக்குத் தெரியும். சேர்த்துப் படிக்கத் தெரியாது. அம்மா தெருக்காரர்களைக் கூட்டிவைத்து, "படிச்சிக் காட்டுடா" என்பாள். நான் "எஸ், டி, யு, டி..." என்று கடைசிவரை ஒப்பிப்பேன். எல்லாரும் வாய்பேசாமல் கேட்பார்கள். முடிந்ததும் அம்மா அவர்களுக்கு விளக்கம் சொல்லுவாள். "அஞ்சாங் கிளாஸு பாஸ் பண்ணிட்டான்னு சர்க்காரே படம் போட்டு எழுதிக் குடுத்துக்கீது." அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, ஓரத்தில் மஞ்சளும் தடவியிருந்தாள். தினம் காலையில் கும்பிட்டுவிட்டு எடுத்துக் கொடுப்பாள். அவள் சொன்ன விளக்கம் தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாஸ் பண்ணினேன், பாஸ் வந்தது. இரண்டுக்கும் சொல் ஒன்றுதானே.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிலையத்தில், அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து டிக்கெட் காசை எடுக்கும்போது மாமா தடுத்தார்.

"எதுக்குத் தங்கச்சி துட்ட எடுக்கற? புள்ள கையிலதான் பாஸ் கீதே?"

"அது அவனுக்குண்ணே."

"அவனுக்குன்னா நமக்கில்லியா? எங்கூர்ல ஒரு ரயில்வே கேங்மேன் கீறான். ஒரே பாஸ், பொண்டாட்டி, புள்ள, மாமியா அல்லாரையும் இட்டுனு திருப்பதி வரைக்கும் போய்ட்டு வரான். ஒருத்தன் பாஸுன்னா ஊட்டுக்கே பாஸு. சர்க்காருன்னா அப்டித்தான்."

மாமா சொன்னதில் பொய் இல்லை. கேங்மேன் போய்வந்தது உண்மை. ரயிலும் சர்க்காருடையது, பஸ்ஸும் சர்க்காருடையது. என்ன தப்பு இருக்க முடியும்? அத்தை, "துட்டு மீந்தா உயிர் காலேஜ்ல ஆனை மேல ஏத்துவாங்களாம்" என்றாள். அம்மா முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டாள்.

உயிர் காலேஜ் என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் அப்போது இருந்த மிருகக்காட்சி சாலை. எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். எங்கள் பக்கத்து ஜனங்கள் இரண்டையும் அப்படித்தான் சொல்லுவார்கள். எனக்குத் தெரிந்த காலேஜ்கள் அந்த இரண்டும்தான். செத்தவை படிப்பது ஒன்று, உயிரோடு இருப்பவை படிப்பது ஒன்று என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

பஸ்ஸில் கல்யாணக் கூட்டம் ஒன்று ஏறிவிட்டது. அம்மாவும் அத்தையும் முன்னால் போய்விட்டார்கள். நானும் மாமாவும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தோம். கண்டக்டர் பின்பக்கத்திலிருந்து, "டிக்கெட், டிக்கெட்! யாருப்பா நடுவுல?" என்று கத்தினார். மாமா என் கையைப் பாஸோடு சேர்த்துப் பிடித்து, ஜனங்களின் தலைக்கு மேலே தூக்கினார். "பாஸ்!"

"எத்தினி பேரு?"

"அல்லாரும் பாஸ்!"

கண்டக்டர் பச்சை அட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்க்க அவருக்கு வழி இல்லை. "செரி, உள்ள போ, உள்ள போ" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார். மாமா என்னைக் குனிந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இத்தனை நாள் தலையில் குட்டியே பழகியவர், தோளைத் தொட்டு, "நல்லா படிக்கணும் நைனா" என்றார்.

வேலப்பன்சாவடி தாண்டியதும் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தச் சாலையை என்னவென்று சொல்வது! இரண்டு பக்கமும் புளிய மரங்கள் ஓடிவந்தன. மதுரவாயலில் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது பஸ் ஆகாயத்தில் போவதுபோல் இருந்தது. பிறகு மரங்கள் குறைந்து வீடுகள் வந்தன. வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. ஒட்டிக்கொண்டவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அமைந்தகரையை நெருங்கும்போது எதிரே ஒரு மாடி பஸ் வந்தது. அத்தை முன்பக்கத்திலிருந்து, "ஐயய்யோ, ஊட்டு மேல ஊட்ட வெச்சி ஓட்டினு வரான் பாரு!" என்று கூவினாள். கல்யாணக் கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள் சாதாரணமாக வெற்றிலை போட்டுக்கொண்டும் காது குடைந்துகொண்டும் இருந்தார்கள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் காது குடைய மனம் வரும் என்று எனக்குப் புரியவில்லை. நான் படிக்க முடிந்த கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அமைந்தகரையில் வண்டி நின்றது. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் ஏறினார். பஸ்ஸில் இருந்த சத்தம் திடீரென்று குறைந்தது. கண்டக்டர் பையைச் சரிசெய்துகொண்டார். செக்கிங் இன்ஸ்பெக்டர்.

அவர் ஒவ்வொருவர் டிக்கெட்டாகப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். "டிக்கெட்?"

"நாங்க பாஸுங்க" என்றாள் அம்மா.

"எங்கே?"

"அதோ என் புள்ள. அவன்தாங்க பாஸு."

இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்து கையை நீட்டினார். நான் எழுந்து நின்று, வாத்தியாரிடம் பலகையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பட்டன் இல்லாத என் சட்டையைப் பார்த்தார்.

"இந்தக் கோட்டு போட்ட துரை யாரு?"

"நான்தான் சார்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். "இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? படி பார்க்கலாம்."

எனக்கு அது நன்றாகத் தெரிந்த வேலை. "எஸ், டி, யு, டி, ஈ..." என்று ஆரம்பித்தேன். தெருவில் ஒப்பிக்கும்போது இருந்த மௌனம் இங்கே இல்லை. மூன்றாவது வரிக்கு வரும்போது பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுக்கு அர்த்தம் சொல்றேன் கேளு. பாரிவாக்கம் டு ஆவடி. பள்ளிக்கூட நாள்ல மட்டும். இந்தப் பையனுக்கு மட்டும். அவ்வளவுதான்."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. சிரித்ததற்காக அல்ல. அத்தனை எழுத்துக்கும் அவ்வளவு சின்ன அர்த்தமா என்றுதான். ஏதோ மந்திரம்போல் நினைத்திருந்தேன். பாரிவாக்கம் டு ஆவடி. அதைத் தாண்டி வந்த நான் அந்த அட்டையில் இல்லாதவன்.

கண்டக்டர் மாமாமேல் பாய்ந்தார். "இன்னாயா, அல்லாரும் பாஸுன்னியே? என் வேலைக்கு உல வெச்சிட்டியே!"

"நீதான்பா செரின்னு சொன்ன!"

"நூறு பேரு ஏறிக்கீறான், எவன் மூஞ்சின்னு நான் பாக்கறது? சார், சத்தியமா நான் அட்டைய மட்டும்தான் பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை, புதிதாகச் சவரம் செய்த முகம். அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது. இப்போது நினைத்தால், அவர் எங்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிடப் பார்த்தார் என்று தெரிகிறது.

"ஏன் பெரியவரே, ஊருக்குப் புதுசா?"

மாமா நிமிர்ந்தார். இத்தனை நேரம் எல்லாம் கைவிட்டுப் போனவருக்கு, அப்பா சொல்லிக்கொடுத்த அந்த ஒரு கேள்வி அச்சு அசலாக வந்துவிட்டது.

"இல்ல! இங்கியேதான் கீறோம்!"

"இங்கேயேவா?"

"பொறந்ததுலேர்ந்து!" என்றாள் அத்தை, முன்னாலிருந்து.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "அப்போ தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க." என் பாஸை மடக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டிக்கெட் காசோட அபராதமும் கட்டணும். இல்லேன்னா இந்தப் பாஸை ஆபீஸுக்கு அனுப்பிடுவேன். இனிமே இது செல்லாது."

அந்தப் பை மூடியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் என் ஆறாம் வகுப்பு இருந்தது. நாளைக்குத் திங்கட்கிழமை. பாரிவாக்கம் கூட்டு ரோட்டில் பஸ் வந்து நிற்கும், மற்றப் பையன்கள் ஏறுவார்கள், நான் களைக்கொத்தியோடு பார்த்துக்கொண்டு நிற்பேன். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன். கடித்தும் வந்துவிட்டது.

ஆனால் நான் அழுததைவிட அம்மாவின் முகம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள்.

"இன்னாங்க சொன்னீங்க? செல்லாதா?"

"செல்லாதும்மா."

"அதெப்படிங்க செல்லாது? பெரிய வாத்தியாரு மரத்தடியில நின்னு எம் புள்ள பேரச் சொன்னாரு, ஊரே கேட்டுச்சி. கணக்குல பாஸு, தமிழ்ல பாஸு. நீங்க இன்னாத்துக்குங்க இல்லன்றீங்க? எம் புள்ள படிச்சத நீங்க எப்டிங்க அழிப்பீங்க?"

பஸ் இன்னொரு தடவை சிரித்தது. கல்யாணக் கூட்டத்தில் ஒரு கிழவர், "ஃபெயிலாக்கிட்டாருமா, மறுபடி அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து ஆரம்பி" என்று ஒரு போடு போட்டார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கியது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆறாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லையே என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"எவ்ளோ கட்டணும், சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் தொகையைச் சொன்னார். மாமா அதிர்ந்துபோய், "கொஞ்சம் பாத்துப் போடுங்க சார், பாதியா முடிச்சிக்கலாம்" என்று கெஞ்ச ஆரம்பித்தார். "நீ சும்மா இருண்ணே" என்று அம்மா ஒரே வார்த்தையில் அவரை நிறுத்தினாள். கீரைக்காரியிடம் ஒரு காசுக்காகத் தெருமுனைவரை போய் மல்லுக்கு நிற்பவள் என் அம்மா. அவள் முடிச்சை அவிழ்த்து, கேட்டதை அப்படியே எடுத்து நீட்டினாள். தயங்கவில்லை.

அவர் ஒரு புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு பைக்குள்ளிருந்து என் பாஸை எடுத்து அவளிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"இப்ப எம் புள்ள பாஸ்தானுங்களே?"

அவருக்கு இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது. களைத்துப் போயிருந்தார். "பாஸ்தாம்மா. பாஸ்தான். வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அம்மா பாஸையும் ரசீதையும் ஒன்றாக மடித்து, முடிச்சில் காசு இருந்த இடத்தில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

சென்ட்ரலில் இறங்கினோம். செக்கச் செவேலென்று அந்தக் கட்டடம், அதன் தலையில் மணிக்கூண்டு. அதைப் பார்க்கக் கூடாது என்ற உத்தரவை நாங்கள் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் மீறினோம். மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மணிக்கூண்டைக் கும்பிட்டார். அம்மாவின் முடிச்சில் திரும்பிப் போகும் பஸ் காசு போக ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மாமாவின் மடியில் இருந்தது செய்யாற்றுக்குப் போகவேண்டிய பணம், அதைத் தொட முடியாது. மிச்சச் சில்லறைக்கு வேர்க்கடலை வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டோம். உயிர் காலேஜ் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு குழந்தைகள் உள்ளே போவதைப் பார்த்தோம். மாமா பெண், "ஆனை, ஆனை" என்று அழ ஆரம்பித்தாள். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு மதில் சுவரின் நிழலோரமாக நடந்தாள். நாங்களும் பின்னால் போய், ஓரிடத்தில் சும்மா நின்றோம்.

ரிக்‌ஷாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணாத்தே, செவுத்தப் பாக்கவா இம்மாந் தூரம் வந்தீங்க? ஊருக்குப் புதுசா?"

மாமா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு முடிவாக, "ஆமாம்பா, புதுசு" என்றார்.

"அதானே பாத்தேன். கொஞ்சம் நில்லு. கறி போடுற நேரம். துட்டே வாணாம், காதக் குடு, போதும்."

அவர் சொல்லி முடித்த சிறிது நேரத்துக்கெல்லாம் அது கேட்டது. முதலில் ஸ்டேஷனில் ஏதோ எஞ்சின் புறப்படுகிறது என்று நினைத்தேன். எஞ்சின் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நிலத்தின் வழியாக வந்து என் செருப்பில்லாத கால்களில் ஏறியது. சிங்கம். இரண்டாம் தடவை அது கர்ஜித்தபோது மாமா பெண் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். ரிக்‌ஷாக்காரர்கூடப் பீடியைக் கீழே இறக்கினார். நான் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சுண்ணாம்புச் சுவர் மெல்ல அதிர்வதுபோல் இருந்தது. பிறகு எத்தனையோ தடவை உள்ளே போய்ச் சிங்கத்தைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். அன்று சுவருக்கு வெளியே நின்று கேட்ட சிங்கம்தான் இதுவரை நான் பார்த்ததில் பெரிய சிங்கம்.

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் நஷ்டப்பட்டவளின் சாயல் கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஏதோ காரியம் முடித்தவள்போல் இருந்தாள்.

"இந்தக் காலேஜுக்கு உள்ள போவத் துட்டு போதும்டா" என்றாள். "படிக்கற காலேஜு இன்னொண்ணு கீதாமே, அதுக்குப் பாஸ் வோணும். அது நம்மகிட்ட கீது." முடிச்சைத் தொட்டுக் காட்டினாள்.

திரும்பும்போது ஆளுக்கொரு டிக்கெட் வாங்கி, அவரவர் கையில் கொடுத்து, இறங்கும்வரை பிடித்துக்கொண்டே வரவேண்டும் என்று கட்டளை போட்டாள். மாமா கையிலிருந்த டிக்கெட் வியர்வையில் கரைந்தேபோனது.

சாயங்காலம் அப்பா வந்தார். அவர் சைக்கிளை நிறுத்தும்போதே மாமா எதிரே போய், "எல்லாம் என்னாலதான் மச்சான்" என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். 'இங்கியேதான் கீறோம்' என்ற இடம் வந்தபோது அப்பா திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அதற்குள் அம்மா ரசீதைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள்.

"பாஸு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஈரக்கொலையே அத்துப் போச்சி. துட்டக் கட்டினப்புறம், பாஸ்தான்னு எழுதிக் குடுத்துட்டாரு. பாரு."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஃபாக்டரியில் கேட் பாஸ், கேன்டீன் பாஸ், சைக்கிள் பாஸ் என்று எத்தனையோ பாஸ்களோடு தினம் புழங்குகிறவர். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ரசீதைப் பார்க்காமல் அம்மாவையே கொஞ்சநேரம் பார்த்தார்.

நான் முந்திக்கொண்டேன். "அது வேற பாஸும்மா, இது வேற—"

"நீ சும்மா இருடா" என்றார் அப்பா. அவ்வளவு கடுமையாக என்னிடம் அவர் பேசியதில்லை. பிறகு ரசீதை மடித்து அம்மாவிடமே கொடுத்தார். "ஆமா, பாஸ்தான். இனிமே எவனாலயும் அழிக்க முடியாது. பத்திரமா வை."

எனக்குக் கோபம் வந்தது. தெரிந்ததைச் சொல்லவந்தவனை அடக்கிவிட்டு, இவரும் தெரியாதவர்போல் பேசுகிறாரே என்று. அப்பாவுக்கும் பாஸ் விஷயம் புரியவில்லை என்றுதான் அன்று முடிவு கட்டினேன். பட்டணத்தையே உள்ளங்கையில் வைத்திருந்தவர்மேல் எனக்கு இருந்த பிரமிப்பு அன்று கொஞ்சம் குறைந்ததும் உண்மை.

இப்போது நான் நகரத்தில் காலேஜில் படிக்கிறேன். ஆவடியிலிருந்து ரயிலில் மாதச் சீசன் டிக்கெட். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அன்று பேப்பரில் நம்பரைக் காட்டி அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "எங்கியாவது துட்டு கட்டணுமாடா?" என்று. இல்லை என்றதும் நம்பமுடியாமல் இன்னொரு தடவை கேட்டாள். அப்போதுதான், அத்தனை வருஷம் கழித்து, அந்தப் பஸ்ஸில் என் பக்கத்தில் நடந்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது.

ரசீது இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் கறையோடு இருக்கிறது. அதில் அபராதம் என்று எழுதியிருப்பதை அன்றே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். நாங்கள் நாலு பேர் செய்த தப்புக்கு அபராதம் என்று நினைத்தேன், வெட்கப்பட்டேன். அம்மா அபராதமே கட்டவில்லை. யாரோ தொப்பிக்காரர் அழிக்க வந்த என் ஐந்தாம் வகுப்பை, பேரம் பேசாமல், கேட்ட விலை கொடுத்து, அவள் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் ஒரு நாள் கூலிக்கும் மேலே: ஆறே கால் ரூபாய்.